பரிசீலனைக்கு ஒரே கோடு

சுருக்கெழுத்தில்
'அரசின் பரிசீலனையில் உள்ளது' என்பதற்கு
ஒரே கோடு.
பென்சிலைத் தூக்காமல் இழுத்துவிடலாம்,
முனையில் ஒரு சின்னக் கொக்கி.
பத்தொன்பது வருடமாகக் கோட்டைக்குள்
இதை இழுத்துச் சம்பளம் வாங்குகிறேன்.

சதுப்புக்குச் சுருக்கம் கிடையாது.
எழுத்தெழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள்
மரகதவடிவு அம்மாள்
அடுத்த வாக்கியத்தில் இருப்பார்.

ஆளுங்கட்சிதான். கடைசி வரிசை.
முதல் கூட்டத்தொடரில் கேட்டார்:
பள்ளிக்கரணையில் மிச்சம் எவ்வளவு?
கோடு.
அடுத்ததில் கேட்டார்:
குப்பை மேட்டை அள்ளிய இடத்தில்
தண்ணீரைத் திரும்ப விடுவீர்களா,
வேலி அடித்து, புல் வைத்து, பூங்கா என்பீர்களா?
கோடு.
கொறடா திரும்பிப் பார்த்தார்,
வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்கிற மாதிரி.

மூன்றாவது முறை
மானியக் கோரிக்கை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்.
பாதி அவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தலைவர் அவர்களே,
செத்த கோரையும் சம்பும்
தண்ணீருக்கடியில் முழுசாய் மக்காமல் கிடக்கின்றன.
எத்தனையோ தலைமுறை வெயில்
கறுப்பாக உள்ளே படுத்திருக்கிறது.
அதைக் காற்றுக்கு விடாமல் பிடித்திருப்பது
முழங்கால் அளவுத் தண்ணீர்.
அதை வடியவிட்டு மண்ணடிக்கிறோம்.
அப்புறம் ஏன் இப்படிக் கொளுத்துகிறது என்று
இங்கே ஏசிக்குள் உட்கார்ந்து கேட்கிறோம்."

(மணி.)

"ஒரு நிமிடம்."

(மணி.)

கைப்பையிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.
மூடியைத் திருகினார்.
அழுகிய முட்டை வாசம்
மேசை மேசையாக நகர்ந்து முன்வரிசைக்கு வந்தது.
துண்டுகள் மூக்குக்குப் போயின.
'கூவத்தைக் கொண்டுவந்துட்டாங்க' என்றது ஒரு குரல்.
(சிரிப்பு) என்று எழுதினேன்.
நானும் கொஞ்சம் சிரித்தேன், அது குறிப்பில் இல்லை.

அவைக் காவலர் பாட்டிலை
கைக்குழந்தையைத் தூக்குவது போலத்
தள்ளிப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.
அப்போதுதான் அம்மாள் சொன்னார்:
"இந்தச் சேற்றின் மேல் மனை வாங்கியவர்கள்
இந்த அறையில் எத்தனை பேர்?
கை தூக்குங்கள்.
முதல் கை என்னுடையது."

தூக்கினார்.
கண்ணாடி வளையல் முழங்கை வரை சரிந்தது.
அமைச்சர் தன் கோப்பில் எதையோ தேடினார்.
மின்விசிறிகள் சுற்றின.
இன்னொரு கை எழவில்லை.

அந்த நான்கு வரியும்
அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்படுவதாகத்
தலைவர் அறிவித்தார்.
நீக்கினேன். ஆணை, வேலை.

மடிப்பாக்கத்தில் தரைத்தளம் எனக்கு.
இருபது வருடத் தவணை, இன்னும் ஏழு பாக்கி.
விற்றவன் 'ஏரி வியூ' என்றான்.
ஏரி எங்கே என்று கேட்டதற்கு
'சார், நீங்க நிக்கிறதே' என்று சிரித்தான்,
நான் ஜோக் என்று நினைத்துக்கொண்டேன்.
என் கையும் எழுந்திருக்க வேண்டும்.
அதில் பென்சில் இருந்தது.

ஐப்பசியில் ரெட் அலர்ட்.
வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி
மூக்கோடு மூக்கு நின்றன.
என் ஸ்கூட்டருக்கு அங்கே இடமில்லை.
மாடிப்படியில் நான்காவது படி வரை ஏற்றினேன்.
இரவு இரண்டு மணிக்குக்
குளியலறைச் சாக்கடை வழியாக
அதே வாசம் மேலே வந்தது.
நீக்கப்பட்டது என்று அதனிடம் யார் சொல்வது?

கரண்ட் இல்லை.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பழைய நோட்டின் பின்பக்கம்
சதுப்புக்கு ஒரு வடிவம் போட்டுப் பார்த்தேன்:
கோட்டுக்குக் கீழே இறங்கி,
வயிறு பருத்து,
மூடாமல் நிற்கும் ஒரு வளைவு.
ஆறேழு தடவை போட்டதும் கைக்கு வந்துவிட்டது.

தை மாதக் கூட்டத்தொடர், வினாப் பட்டியல்.
நாற்பத்தொன்றாவது வினா. மறுபடியும் அவர் பெயர்.
பதிலும் தட்டச்சாகி வந்திருக்கிறது,
நான் படிக்கவில்லை.
இரண்டு பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.