பத்துக்கு எத்தனை

களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில் பிரசவ அறை ஃபிரிட்ஜ்.
இரண்டு பாகைக்கும் எட்டுக்கும் நடுவில்
சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பிகள்.
கரண்ட் போனால் நாங்கள் முதலில் ஓடுவது
அவற்றிடம்தான்.

ஒன்றை உடைத்துச் சேலைனில் விட்டேன்.
நிமிடத்துக்குப் பத்துத் துளி, அரை மணியில் இருபது.
ஒக்சிடோசின்.
நோவுத்தண்ணி என்பாள் எங்கள் அட்டெண்டன் லீலா.

சுகிர்தா. இருபத்து மூன்று. தலைப்பிள்ளை.
மண்டூர்.
இரவில் பாதை ஓடாது,
வெல்லாவெளி சுற்றி, பட்டிருப்புப் பாலம் ஏறி
அடுத்த வளவு ஓட்டோவில் வந்திருந்தாள்.
புருஷன் கட்டாரில்.
ஓட்டோக்காரனின் மனைவி துணை.

"பத்துக்கு எத்தனை புள்ள நோவு?"
"பதினொண்டு மிஸ்ஸி."
தாளில் பத்துக்கு மேல் கட்டமில்லை.
பத்து என்று எழுதினேன்.

எனக்கும் மூன்று நாளாய்க் கடைவாய்ப்பல்.
கிராம்பு வைத்தும் ஆறு.
யாரும் கேட்கவில்லை.

இரண்டு மணி போலத் துணைக்காரியைத் தேடினேன்.
வெளி வாங்கில், கைப்பையை மடியில் இறுக்கியபடி, நேசமலர்.
உள்ளே வந்து கையைப் பிடியுங்கள் என்றேன்.
"நாங்க கதைக்கிறல்ல மிஸ்ஸி.
ரெண்டு வருஷம்.
கதியால ஒரு முழம் இஞ்சால தள்ளி நட்டுப்போட்டாள்."

"கதைக்க வேணாம். பிடிச்சாப் போதும்."

பிடித்தாள்,
அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிறவளைப் போல.
அடுத்த நோவு எழும்பி வந்தபோது
சுகிர்தா அந்தக் கையை மணிக்கட்டோடு முறுக்கினாள்.
காப்பு வளைந்தது.
நேசமலர் கையை இழுக்கவில்லை.
மற்றக் கை தானாகப் போய்
முதுகின் அடியில் வட்டமிட்டது,
எந்த இடமென்று யாரும் சொல்லாமல்.

துளி அதே இருபது.
"இப்ப எத்தனை?"
கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தாள்.
"ஏழு."
பிறகு, நியாயமாக:
"ஏழரை."

மட்டக்களப்பில் ஒரு வகுப்பில் கேட்டது:
ஊசிவழி போவது கருப்பையை இறுக்கும்,
மூளையின் வாசல் அதைப் பெரும்பாலும் உள்ளே விடாது.
தலைக்குள் தானாய்ச் சுரப்பதோ
முள்ளந்தண்டுக்குள் இறங்கி
நோவு ஏறிவரும் படிகளில் வெளிச்சத்தைக் குறைக்கும்.
எலிகளில் தெளிவு. மனிதரில்
சிலருக்கு ஆம், சிலருக்கு இல்லை என்று
டொக்டர் அடுத்த படத்துக்குத் தாவிவிட்டார்.
ஒரே பெயர், ஒன்பது மணி கோத்த ஒரே சரம்.
ஒன்றை நான் குப்பியில் உடைக்கிறேன்.
மற்றதைக் களஞ்சியத்தில் கேட்டு வாங்க
படிவம் கிடையாது.

நாலு நாற்பதுக்குப் பெண்பிள்ளை.
இரண்டு கிலோ எழுநூறு.
நெஞ்சில் போட்டதும் சுகிர்தா
தையலைக் கூட மறந்து சிரித்தாள்;
நான் எத்தனை என்று கேட்கவில்லை.

வெளியே நேசமலர் குழாயடியில் முகம் கழுவினாள்.
மணிக்கட்டு நாவற்பழ நிறம்.
"நோகல்லையா?"
"எது?"
பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.
"நான் காணல்ல மிஸ்ஸி."

கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பினாள்:
"கதியால் விசயத்தில நான் விட்டுக்குடுக்கல்ல.
அதையும் எழுதிக்கொள்ளுங்க."

கையுறையைக் கழற்றினேன்.
இடது புறங்கையில் நாலு நகத்தடம்.
சுகிர்தாவின் மற்றக் கை
இரவெல்லாம் எங்கே இருந்ததென்று
அப்போதுதான் நினைவு வந்தது.

பல்லும்.
முதலில் மூன்று.
தேத்தண்ணி வருவதற்குள் ஐந்து.