கூண்டு ஏறும் முன்

ஐப்பசி பிறக்க ஒன்பது நாள் இருந்தது.
பாம்பனிலிருந்து மண்டபம் வந்து
நாகூர்கனி பட்டறையில் வேனை நிறுத்தினேன்.
"என்னம்மா சத்தம்?" என்றார்.
"சத்தமில்லை, மழை."
அண்ணாந்து பார்த்தார்.
ஒரு பொட்டு மேகமில்லை.
கச்சான் ஓய்ந்து
வாடைக்கு இன்னும் மனசு வராத நாள்கள்.

ஜாக்கியில் ஏற்றி, சாக்கை விரித்து, அடியில் நுழைந்தார்.
கால் இரண்டும் வெளியே.
ஸ்பானரால் தட்டிக்கொண்டே போனார்.
நல்ல இரும்பு கணீரென்றது.
"இப்பக் கேளுங்க."
தொப்.
ஈர அட்டையைத் தட்டியதுபோல.

ஸ்க்ரூடிரைவர் முனை
இரண்டாவது சீட்டுக்குக் கீழே
தரையைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.
ரொசாரியோ வீட்டு இரட்டையரில் இளையவள்
செருப்பைக் கழற்றிவிட்டுக்
கால் வைக்கும் இடம்.

துளை வழியே தெரிந்தது மண்.
எத்தனை மாதமாகத் தெரிந்துகொண்டிருந்ததோ,
மேலே மிதியடி போட்டிருந்தேன்.

பாலத்தில் தினம் நான்கு தடவை.
இந்தப் பக்கத்துக் காற்றும் அந்தப் பக்கத்துக் காற்றும்
ஆளுக்கொரு பிடி உப்பு.
பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சி,
வெயிலில் நின்று வாருகிறார்கள் மற்றவர்கள்.
எனக்கு மட்டும் வீடு தேடி வருகிறது, இலவசமாக.

தகரம் தேடினார்.
ஒடுங்கிய பிரிட்ஜ் கதவொன்று கிடந்தது.
வெட்டி, மடித்து, ரிவெட் அடித்தார்.
மூலையில் பாதி மாம்பழ ஸ்டிக்கர்,
சுரண்டியும் போகவில்லை.
"பிள்ளைங்க கேட்டா?"
"உள்ள ஐஸ் இருக்குன்னு சொல்லுங்க."

பிறகு கிரீஸும் கழிவு ஆயிலும்
கலந்து அடிப்பாகம் முழுக்கப் பூசியதில்
வண்டி
கத்தரிக்காய் வதக்கிய சட்டியாக நின்றது.
பேட்டரி முனையில் பச்சைப் பூஞ்சை.
வெந்நீர் ஊற்றினார், நுரைத்து இறங்கியது.
வாசலின் தடவினார்.

வைப்பரை நான்தான் கழற்றினேன்.
சித்திரை வெயில் தின்று
மிச்சம் வைத்த ரப்பர்.
விரலில் கறுப்பாக உதிர்ந்தது.

போன கார்த்திகையில்,
பாலத்தின் உச்சியில்,
பதினொரு பிள்ளைகளோடு
இது பாதி வழியில் நின்றுவிட்டது.
பின்னால் மீன் லாரி ஹாரன்.
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி,
யாரோ கழற்றித் தந்த ஸ்கூல் டையால்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
முதல் கியரில் இறங்கினேன்.
பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள்,
ஏழாம் வாய்ப்பாடு, திரும்பத் திரும்ப.
அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.
நடக்காதது
இன்னும் என் தோள்பட்டையில் இருக்கிறது.

மொத்தம் நாலாயிரத்து எண்ணூற்று அறுபது.
மூவாயிரம் கொடுத்தேன்.
போன மாச வேன் பணம் தராத வீடுகள் நான்கு,
பெயர் சொல்லவில்லை.
நாகூர்கனி நோட்டில் வண்டி நம்பரை எழுதினார்,
டிஎன் அறுபத்தஞ்சு,
மிச்சத்தை எழுதவில்லை.
"மறக்கவா போறேன்."

திரும்பும்போது துறைமுகக் கம்பத்தைப் பார்த்தேன்.
கூண்டு இல்லை, வெறும் கயிறு ஆடியது.
மூன்றாம் எண் ஏறினால் வண்டி எடுக்க மாட்டேன்,
பள்ளிக்கூடம் லீவு விட்டாலும் விடாவிட்டாலும்.
பெற்றோர் குரூப்பில் போட்டுவிட்டேன்.
பதினொரு வீடு பார்த்தது,
கட்டைவிரல் காட்டியது இரண்டு.

மழை ஒரு செவ்வாய் இரவு வந்தது.
முதலில் தெருநாய்கள் ஓடின,
அப்புறம் ஓட்டின் மேல் சரளை கொட்டியது.
சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
பிரிட்ஜ் கதவின்மேல் தினத்தாளை விரித்தேன்.
பின் சீட்டில் பத்து நிமிஷம்,
முன்னால் வந்து பத்து நிமிஷம்.
தாள் காய்ந்தே கிடந்தது.
வைப்பர் போனது, வந்தது, போனது,
எதிர்வீட்டு ட்யூப்லைட்
துலங்கி, கலங்கி, துலங்கி.

சரி என்று எழும்போது
என் இடது முழங்காலில் ஒரு சொட்டு.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
கூரை விளக்கின் திருகிலிருந்து.

அண்ணாந்து பார்த்தேன்.
கியர் போடும் கைக்கு நேர் மேலே.
நல்லவேளை,
டிரைவர் சீட்.