கணவாய்

எட்டாம் வகுப்பில் நீ பேனா உதறி
என் சட்டையெல்லாம் நீலமான அன்று
வைத்த பெயர்.
சின்னப்பாலத்தில் உன் அம்மாகூட
அப்படித்தான் கூப்பிட்டாள்:
"ஏ கணவாய், பாசி காயுது, வந்து பெரட்டு."

ஜூன் மாதம், பாலம் தாண்டி மண்டபம் பள்ளி.
உனக்கு ஒன்பது 'அ', எனக்கு ஒன்பது 'ஈ'.
நடுவில் ஒரு சைக்கிள் கொட்டகை,
தண்ணீர் வராத ஒரு குழாய்,
இங்கிலீஷ் மீடியம்.

கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போய்ச் சொன்னாய்:
"இங்க அப்பிடிக் கூப்புடாத, என்னா?"
சரி என்றேன்.
பிறகு உன்னைக் கூப்பிட
என்னிடம் வார்த்தையே இல்லை.
ஜெனோவா
வருகைப் பதிவேட்டில் இருக்கும் யாரோ.

பாறை கீறிய விரல்களை
நீ சுடிதார்க் கைக்குள் இழுத்துக்கொள்வதை
பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து பார்ப்பேன்.
போர்ட் ஆபீசர் மகள் உன் தோளில் தூங்கிக்கொண்டு வருவாள்.
பாலத்துக் காற்றில்
அவள் முடிதான் உன் முகத்தில் அடிக்கும்.

எல்லாவற்றையும் உன் தலையில் கட்டி
இதை முடித்திருப்பேன்.
ஆகஸ்டில் மஃபாஸா கேட்டாள்:
"அந்தப் புள்ளைய ஒனக்குத் தெரியுமா?"
"ஒரே ஊரு" என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.
ஒரே முக்குளிக் கண்ணாடியை
ஆளுக்கு மூச்சு ஒன்றாக மாற்றி மாட்டி
கடலுக்கடியில் பார்த்த எதையும் சொல்லவில்லை.

இன்று காலை பிரேயரில்
உன் ஓவர்கோட் பையில் மை கசிந்து
இடுப்புவரை இறங்கியது.
நீதான் முதலில் திரும்பினாய்,
நான்கு வரிசை தள்ளி, நேராக என்னை.
கூப்பிட்டுவிடுவேன் என்றா,
கூப்பிடமாட்டேன் என்றா,
தெரியவில்லை.

உறுதிமொழிக்குக் கை நீட்டியாகிவிட்டது.
அசையக் கூடாது.