கன்றுத் தராசில் நூற்றாறு

உள்ளே வா, ஒத்ஸோ. கதவை இழுத்துச் சாத்து,
வெளியே மைனஸ் இருபத்தொன்று,
பசுக்களுக்கு உன் வியாபாரம் முக்கியமில்லை.
குவோப்பியோவிலிருந்து வேன் ஓட்டி வந்திருக்கிறாய்,
கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்.

விளம்பரத்தில் நூற்று மூன்று கிலோ என்று போட்டிருந்தேன்.
அது கம்பெனிக் கணக்கு.
நேற்று கன்று நிறுக்கும் தராசில் ஏற்றினேன்:
நூற்றாறு.
கொஞ்சம் சேறு, கொஞ்சம் வெல்டிங்,
இடது கைக்காப்பில் ஒரு பிர்ச் மரத்தின் பட்டை.
மரம் நகரவில்லை. நானும் வழிவிடவில்லை.

இருநூற்றைம்பது சிசி, டூ ஸ்ட்ரோக்.
அறுபதுக்கு ஒன்று எண்ணெய் கலக்க வேண்டும்.
மறந்தாயானால் கத்தாது, புகையாது,
பேச்சை நிறுத்திக்கொள்ளும்,
எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி.

கீழ் வேகத்தில் மெத்தென்று இழுக்கும்,
பால் கறக்கக் கிளம்பிய மாட்டைப்போல.
ஆறாயிரம் சுற்று தாண்டியதும் பவர் வால்வு திறக்கும்.
திறந்ததை யாரும் சொல்ல வேண்டியதில்லை.
ஹேண்டில் மட்டும் கிளம்பிப் போகப் பார்க்கும்,
நீ வருகிறாயா என்று கேட்காமல்.
கிளட்சுக்கு ஒரு விரல் போதும்.
மற்ற மூன்றும் பயத்துக்கு.

முன் ஃபோர்க் முப்பது சென்டிமீட்டர் இறங்கும்.
கல்லில் இடித்தால்
மணிக்கட்டுக்கு வந்து சேரும்போது
அந்தச் செய்தி பாதி வதந்தி.

ஏறி உட்கார்.
கால் எட்டவில்லையா? எனக்கும் எட்டியதில்லை.
நிறுத்த ஒரு பாறையோ அடிமரமோ தேடுவேன்,
கிடைக்காத இடத்தில் நிற்பதில்லை.
பாதிப் பந்தயங்களை அப்படித்தான் முடித்தேன்.

மூன்றாவது குளிர்காலம். பிப்ரவரி, இரவுச் சுற்று.
டயரில் முந்நூற்றெண்பது ஆணி.
ஹௌகியார்வி ஏரியில் வழிகாட்டி நாடாவைக் காற்று தின்றுவிட்டது.
நாணல் பக்கம் திரும்பினேன்,
ஓடை வந்து கலக்கிற இடம் அது,
பனிக்கட்டி மெலிந்து கிடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.
கார்புரேட்டர் உறைந்தது.
இன்ஜின் நின்றது.

அவ்வளவு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை.
பிறகு ஏரி பேசியது:
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை
ஒரே கோடு, என் பூட்ஸுக்குக் கீழே.

கூட்டிப் பார்த்தேன்.
வண்டி நூற்றாறு, நான் அறுபத்தொன்று,
கவசம் பூட்ஸ் எல்லாம் பதினொன்று.
பயம் எத்தனை கிலோ என்று தெரியாததால்
சேர்க்கவில்லை.
வண்டியை மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்தேன்.
பன்னிரண்டு அடி தள்ளிப்போய்
நானும் குப்புறப் படுத்தேன்.
அதன் விளக்கு கொஞ்ச நேரம்
மீன்களுக்கு எரிந்தது.

பின்னால் வந்த வேய்யோ கரையிலேயே நின்றான்.
நல்லவன்தான். அவன் வண்டி நூற்று நாற்பத்தைந்து.
கயிற்றை வீசினான்.
ஊர்ந்து போய் முன்சக்கரத்தில் கட்டினேன்,
ஊர்ந்தே கரையேறினேன்.
இரண்டு பேர் இழுத்தோம். வந்தது
சீல் குட்டி வயிற்றால் வழுக்கி வருவதுபோல.
ஒரு ஆணிகூடக் கழலவில்லை, எண்ணிப் பார்த்தேன்.
அந்தச் சுற்றில் எனக்கு நாற்பத்து மூன்றாம் இடம்.
வேய்யோவுக்கு நாற்பத்து நான்கு.

மூவாயிரத்து நானூறு யூரோ.
குறைக்க மாட்டேன்.
கூடுதல் மூன்று கிலோவுக்குக் காசு வேண்டாம்.
வேனில் ஏற்ற ஆள் கூப்பிடாதே,
பின்பக்கத்தை நான் தூக்குவேன்,
நீ முன்சக்கரத்தைப் பிடி, முதுகை வளைக்காமல்.

ஏன் விற்கிறாய் என்று நீ கேட்கவில்லை.
முழங்கால் போய்விட்டது,
வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு
மரியாதைக்குச் சும்மா இருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை புதியது வருகிறது.
தொண்ணூற்றெட்டு கிலோ என்கிறார்கள்.
தராசைத் துடைத்து வைத்திருக்கிறேன்.