கூரைக்குக் காய்ச்சல்

பகல் இரண்டு மணிக்கு
நெற்றிக்கு நீட்டும் காய்ச்சல் கருவியைச்
சீலிங்குக்கு நீட்டினேன்.
நாற்பத்தொன்று.
மனிதராய் இருந்தால் இந்நேரம்
பீடோரிலிருந்து தாப்பா ஆஸ்பத்திரிக்கு
ஏற்றிப் போயிருப்பார்கள்.

இரவு முழுக்கத் தொழிற்சாலையில்
சூடான அச்சுகளிலிருந்து
ஆயிரமாயிரம் ரப்பர் கைகளை உரித்துவிட்டு
பகலில் தூங்க வேண்டியவள் நான்.
அந்தத் தூக்கத்துக்கு மாதம்
இருநூற்றுப் பதினெட்டு வெள்ளி, மின்சார பில்லு.

"இன்னும் பெரிய ஏர்கானா மாட்டுவோம்" என்றார் சந்திரகாசன்.
லாரிக்காரர். எந்த மேட்டுக்கும்
பெரிய இன்ஜின்தான் அவருக்குத் தெரியும்.
மூன்று நாள் பேச்சில்லை.
கூட்டுப் பணம் என் பேருக்கு விழுந்த அன்று
நானே ஆ லெக்கைக் கூப்பிட்டேன்.

செம்பனைத் தோட்டத்திலேயே பிறந்த சீனர்.
ஏணியில் நின்று தலையை மேலே நுழைத்துக்கொண்டார்;
எங்களுக்குத் தெரிந்தது கால்கள் மட்டும்.
கால்கள் சொல்லின:
"இங்க ஒன்னுமே இல்லக்கா.
வெறுங்காத்து. அதுவும் வெந்த காத்து."

வெள்ளித்தாள் சுருள், பஞ்சு மெத்தை,
தகரத்தின்மேல் காற்றில் சுழலும் ஒரு தொப்பி,
சிகரெட் அட்டையில் கணக்கெழுதி இறங்கியவர்
ஜன்னலுக்கு மேலே சுவரைத் தட்டினார்.
"இத யாரு அடைச்சது?"

ஏர்கான் வந்த வருஷம்
குளிர் ஓடிவிடுமென்று
பன்னிரண்டு காற்றுத் துளைக்கும்
சிமென்ட் அப்பியது நான்.
வாளி பிடித்தது அவர்.
இருவரும் தரையைப் பார்த்தோம்.
பேச ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

உளி இறங்கியது.
முதல் துளையில் காற்றுக்கு முன்னால்
ரொக்காயா வீட்டு பெலாச்சான் வாசம் வந்தது.
மூன்றாவதில் அவள் மகனின் இருமல்.
ஒவ்வொன்றுக்கும் பலகையில் ஒரு சின்னக் கதவு போட்டு,
"ஏர்கான் போட்டா சாத்து, அணைச்சா திற,
இவ்ளோதான் வித்தை" என்றார் ஆ லெக்.

இந்த மாதம் நூற்று முப்பத்தாறு.
சந்திரகாசன் பில்லை மடித்து
லாரிக் கண்ணாடியில் செருகியிருக்கிறார்,
ஏதோ அவர் யோசனை போல.

பகல் இரண்டு மணி.
கருவி இன்று எண்ணே காட்டவில்லை;
இவ்வளவு ஆறிப்போனது
உயிருள்ள நெற்றி என்று அது நம்பவில்லை.
படுத்திருக்கிறேன்.
துளை வழியே பையன் மலாயில்
எட்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறான்.
எட்டேழு ஐம்பத்துநாலு என்கிறான்.
மறுபடியும் ஐம்பத்துநாலு.

கண்ணைத் திறக்காமலே கத்தினேன்:
"லீமா பூலூ அனாம்!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
சந்திரகாசன் லாரியைக் கழுவும் ஓசை மட்டும்.
பிறகு, மெல்ல,
எட்டெட்டு.