#நிலுவை

மாசக் கடைசி. ராத்திரி இரண்டு பத்து.
சர்வர் அறையில் ஏசி உறுமுகிறது,
வெளியே மார்ச்சிலேயே வெந்து கிடக்கிறது வேலூர்.

கவுன்டர் நாலிலிருந்து தில்ஷாத்:
"அக்கா, பில்லு அசையவே மாட்டேங்குது.
மால்டாக்காரர் ஒருத்தர் பணத்தக் கையில வச்சிக்கினு
அரை மணியா நிக்கிறாரு."

தெரியும். குற்றவாளி நான்தான்.
நடுவில் ஒரு ரூபாயும் மாறக்கூடாதென்று
பில் அட்டவணையை இறுக்கிப் பிடித்தபடி
பதினேழு ஜாயினோடு ஓடுகிறது என் அறிக்கை.
நான் படித்து முடிக்கும்வரை
எந்த வரியிலும் யாரும் பேனா வைக்க முடியாது.
தில்ஷாத், அவள் பின்னால் மருந்தகம், அதன் பின்னால் லேப்:
காட்பாடி அவுட்டரில்
சிக்னல் விழாத ரயில்கள்.

கொன்றேன் அதை.
நாற்பது நிமிஷ உழைப்பு போச்சு.
பூட்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன.
டைம்-அவுட் ஆன பில்லை
தில்ஷாத் மறுபடி முதலிலிருந்து அடிக்கிறாள்.

இந்த முறை,
வேண்டிய ஆறு பத்திகளை மட்டும் ஒரே மூச்சில் அள்ளி
#நிலுவைக்குள் கொட்டினேன்.
ஒன்பது நொடி. கையை எடுத்துவிட்டேன்.
(டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டே
தற்காலிக அட்டவணை கட்டினால்
கட்டிய இடத்துப் பதிவேடும் பூட்டிக் கிடக்கும்.
போன வருஷம் பட்டது.)

காந்தி ரோட்டு லாட்ஜில்
சாவி வாங்கி, ஸ்டவ் வாடகைக்கு எடுத்து,
ஜன்னலோரம் கடுகெண்ணெய் பாட்டில் வைத்து
மூன்று வாரம் வீடென்று வாழ்கிறார்களே,
அப்படித்தான் இதுவும்.
பக்கத்து அறையில் இதே பெயரில் இன்னொன்று இருக்கலாம்;
அவர் #நிலுவை அவருக்கு, என்னது எனக்கு.
இன்டெக்ஸ் ஆணி அடிக்கலாம், பாதியை அழிக்கலாம்,
கதவைத் தட்ட ஆளில்லை.
செஷன் முடிந்தால் அறை காலி.
லைன் அறுந்தாலும் காலிதான்,
சொல்லிக்கொள்ள அவகாசம் கிடையாது.

மூன்றேகாலுக்கு அறிக்கை முடிந்தது.
நாற்பத்தோராவது வரி:
நிர்மல் ஹால்தார், மால்டா. பாக்கி 18,640.

கட்டிவிட்டாரே மனுஷன்!
போனில் பிரின்டர் கிறீச்சிட்டது எனக்கே கேட்டது.
ஆனால் அள்ளியது இரண்டு முப்பத்தொன்றுக்கு,
ரசீது இரண்டு முப்பத்திரண்டுக்கு.
நகலுக்கு யார் போய்ச் சொல்வார்கள்?

அறிக்கையின் தலையில்
"2:31 நிலவரப்படி" என்று அடித்துவிட்டு
ஜன்னலை மூடினேன்.
#நிலுவை போனது,
அவர் கட்டிய கடனை இன்னும் கடனென்றே நம்பியபடி.

கீழே வாசலில்
சூட்கேஸ்மேல் உட்கார்ந்து ஒருவர்
காட்பாடிக்கு ஆட்டோ பேசிக்கொண்டிருந்தார்,
தமிழும் வங்காளமும் விரல்களுமாக.
பெயர் கேட்கவில்லை.