ஆள் உண்டு

ஏலப் பட்டியலில் ஒன்பதாவது சொத்து.
வேர்க்கிளம்பி, ஆறேகால் சென்ட், பழைய ஓட்டு வீடு,
உள்ளது உள்ளபடி.
சுவாதீனம் என்ற கட்டத்தில்
'ஆள் உண்டு' என்றிருந்தது.
அந்த இரண்டு சொல்லுக்குப் பயந்து
வேறெவரும் கேட்கவில்லை.
நான் கேட்டேன்,
அடிவிலைக்கு மேல் பத்தாயிரம் வைத்து.

பிறகு பதினேழு இரவு
முகம் தெரியாத அந்த ஆளோடுதான் பேச்சு.
லேத்தில் இரும்பு கடைகிற நேரத்திலும்.
ஒருநாள் அவருக்கு வாதம்,
ஒருநாள் கையில் வெட்டுக்கத்தி,
ஒருநாள் இடுப்பில் குழந்தை.
குழந்தை வந்த இரவு,
ஒழிந்துகொடுக்க வைத்திருந்த முப்பதாயிரத்தை
நாற்பதாக்கினேன்.
"இன்னும் ரெண்டு நாள் போனா
வீட்டையே எழுதிக் குடுத்திருவீரு"
என்றாள் றெஜினாள்.

ஞாயிறு, ரெண்டாம் பூசை முடிந்து போனோம்.
கவர் சட்டைப்பையில்.
தட்டினேன்.
சார் என்றேன். அக்கா என்றேன்.
எட்டு வருஷ மழை தின்ற பூட்டு
மூன்றாவது அடியில் உதிர்ந்தது.

அடுக்களைத் தரையைப் பிளந்து
அயினி வேர் ஒன்று
முழங்கால் மடக்கி உட்கார்ந்திருந்தது.
பக்கத்தில் ஒரு குக்கர் மூடி. குக்கர் இல்லை.
உத்தரமெல்லாம் மரநாய் எச்சம்.
மனப்பாடம் செய்ததை வீணாக்க மனசில்லாமல்
"ஒரு மாசம் டைம் தாறேன்" என்றேன்
வேரைப் பார்த்து.
றெஜினாள் சிரிக்கவில்லை.
முன்பக்கம் பட்டப்பகலில்
எரிந்துகொண்டிருந்த பல்பைக் காட்டினாள்.

மீட்டரைக் கழற்றிப்போய் வருஷங்களாகிறது.
வயர் மதில் தாண்டிப் போனது.
மதிலுக்கு அந்தப்பக்கம் றோஸ்லெட் பாய்
கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தார்.
"காலத்த அணைக்க மறந்துபோச்சு.
மக மார்த்தாண்டத்தில துணிக்கடையில நிக்கா.
ஒன்பதரைக்கு பஸ் எறங்கி
இந்த முடுக்கு வழியாத்தான் வருவா.
இருட்டாக் கெடந்தா எவனாவது நிப்பாம்லா.
பேங்குக்காரன் வந்து ஆளு உண்டான்னு கேட்டான்.
உண்டுன்னேன்."

கொஞ்சம் பொறுத்து,
"லைட்டு எரியுதுல்லா."

அந்த ஒரு 'உண்டு'
எங்களுக்கு மூணு லட்சம் பெறும்.
கவர் வியர்வையில் நெஞ்சோடு ஒட்டியிருந்தது.
என்ன சொல்லி நீட்டுவது?
நீட்டவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.
அடுக்களைக்கு சிமென்ட் வாங்கினோம்.
வேரை முழுசாக வெட்ட முடியவில்லை,
அந்த மூலையில் தரை இப்போதும் கொஞ்சம் மேடு.

புது மீட்டர் வைத்த அன்று
வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போன
றோஸ்லெட் பாய்
மதிலருகே நின்று
"ஒன்பதரை" என்றார்.
அவ்வளவுதான்.

போன வாரம் பஸ் பிந்தியது.
பத்து. பத்தேகால்.
நானும் றெஜினாளும் உறங்கவில்லை,
ஏன் என்று கேட்டுக்கொள்ளவும் இல்லை.
பத்தே முக்காலுக்கு முடுக்கில் செருப்புச் சத்தம்.
எங்கள் வெளிச்சத்துக்குள் வந்ததும்
அவள் நடை வேகம் குறைந்தது.
பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

உள்ளே ஆள் உண்டா என்று
ஒருநாளும் அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை.